கிளினிக்கிற்குப் போனவர்களை எண்ணுவது எப்படி?

கடந்த இரண்டு வாரத்தில் நீங்கள் கிளினிக்கிற்குப் போனீர்களா? எத்தனை முறை? எந்தக் கிழமை?

உடனே பதில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு நல்ல ஞாபகசக்தி. இதே கேள்வியை வீட்டில் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். “போன வாரம்தானே போனேன்... இல்ல, உங்க மாமா வந்துட்டுப் போன பிறகா?” என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். அம்மாவிடம் கேட்டால், “எனக்கா, தம்பிக்கா?” என்று திருப்பிக் கேட்பார். அதுவும் நியாயமான கேள்விதான். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்கில் காத்திருப்பது இருவரும்தானே?

வேடிக்கைக்காக இதைக் கேட்கவில்லை. மக்கள் மருத்துவச் சேவையை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அறிய, உலகின் பல நாடுகளில் இப்படித்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்விலும் வெளிநோயாளிச் சிகிச்சையைப் பற்றிக் கேட்கும்போது ‘கடந்த இரண்டு வாரம்’ என்பதுதான் கணக்கு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாரிடம் கேட்பார்கள்: இரண்டு வாரத்திற்குள் குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா? வந்திருந்தால், எங்கே கொண்டுபோனீர்கள்?

எந்த வட்டாரத்திற்கு இன்னொரு தாதி வேண்டும், எங்கே மருந்து கூடுதலாக அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க இத்தகைய பதில்களைத்தான் கூட்டிப் பார்க்கிறார்கள். காய்ச்சல் கண்ட பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் சிகிச்சைக்குப் போனதாகத் தாளில் இருந்து, உண்மையில் ஏழு பேர்தான் போயிருந்தால் என்ன ஆகும்? மற்ற இரண்டு குழந்தைகளை யாரும் தேடிப் போகமாட்டார்கள். மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு மூன்றும் சின்னக் குழந்தைகளை விரைவாகவே கொன்றுவிடக்கூடியவை. மூன்றுக்குமே அதிகச் செலவில்லாத சிகிச்சை இருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சை இருக்கும் இடத்திற்குக் குழந்தை போய்ச் சேர வேண்டுமே!

சரி, ‘போனோம்’ என்று சொன்னவர்கள் உண்மையில் போனார்களா என்பதை எப்படிச் சோதிப்பது?

ஸாம்பியாவில் ஓர் அட்டை

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் நாடு ஸாம்பியா. பரப்பளவில் மலேசியாவைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது. அதன் தென் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் சிலர் இந்தக் கேள்வியை நேரடியாகக் கையில் எடுத்தார்கள்.

ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை தரப்பட்டது. அதில் அந்தக் குழந்தைக்கு மட்டுமே உரிய பார்கோடு. அந்த வட்டாரத்தில் சிகிச்சை தருகிற 75 பேரிடம், பார்கோடு படிக்கக்கூடிய கைப்பேசிகள் தரப்பட்டன. குழந்தை சிகிச்சைக்கு வந்தால் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். எந்தக் குழந்தை, யாரிடம், எப்போது வந்தது என்று பதிவாகிவிடும். அதோடு, சிகிச்சை தருபவர் குழந்தையைக் கூட்டி வந்தவர் கையில் ஒரு வில்லையையும் கொடுத்து அனுப்புவார். யார் கொடுத்த வில்லை என்பதைப் பார்த்தாலே தெரியும். பிறகு ஆய்வாளர்கள் வீடுகளுக்குப் போய், ஒன்றும் தெரியாதவர்கள்போல அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள்: “எங்கே கொண்டுபோனீர்கள்?” வாயால் சொன்னதையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

நோயுற்றிருந்த 384 குழந்தைகளைப் பற்றிய விவரம் கிடைத்தது. கிராமப்புற முடிவை மட்டும் பார்ப்போம். ஒருவகைச் சிகிச்சை இடத்திற்கு உண்மையில் போனவர்களில் 100க்கு 91 பேர், போனதாகச் சரியாகச் சொன்னார்கள். போகாதவர்களில் 100க்கு 71 பேர்தான், போகவில்லை என்று சரியாகச் சொன்னார்கள்.

இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண், நடந்ததை ஒரு முறை எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது, நடக்காததை நடந்ததாக எண்ணாமல் இருக்கிறதா என்று சொல்கிறது. கோவிட் பரிசோதனைக் கருவிகளைப் பற்றிப் பேசியபோதும் இந்த இரண்டு எண்களைத்தான் பேசினார்கள். ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று சுமாராக இருந்தால் மொத்தக் கணக்கு ஒரு பக்கம் சாயும். ஸாம்பியாவில் அது கொஞ்சம் மேல்பக்கம் சாய்ந்தது. சிகிச்சைக்குப் போனவர்களின் எண்ணிக்கை உண்மையைவிடச் சற்று அதிகமாகத் தெரிந்தது.

மீதமுள்ள 29 பேர் பொய் சொன்னார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மூன்று வாரத்திற்கு முன் போனது ஞாபகத்தில் இரண்டு வாரத்திற்குள் நகர்ந்து வந்திருக்கலாம். சிகிச்சை தந்தவர் ஸ்கேன் செய்ய மறந்தும் இருக்கலாம். மரபு வைத்தியரிடம் போனவர்களின் பதில்தான் பதிவோடு ஒத்துப்போகாமல் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

எனக்கு இந்த ஆய்வு பிடித்திருப்பதற்குக் காரணம், அது யாரையும் சும்மா நம்பவில்லை, யாரையும் சும்மா சந்தேகப்படவும் இல்லை. ஆனால் இதில் ஒரு சிரமம் உண்டு. 75 பேர், நோயாளிகள் வரிசையில் நிற்கும் நேரத்திலும் மறக்காமல் ஸ்கேன் செய்ய வேண்டும். நாடு முழுவதும் இதைச் செய்ய முடியுமா? இங்கேதான் இன்னொரு யோசனை வருகிறது. யாரும் எதையும் ஸ்கேன் செய்யாமல், நோயாளி கொண்டுபோகிற சின்னக் கருவியே ‘இப்போது கிளினிக்கில் இருக்கிறேன்’ என்று பதிந்துகொண்டால் என்ன?

நான்கு துணைக்கோளங்களும் ஒரு தகரக் கூரையும்

வேஸ், கிரேப் செயலிகளைப் பயன்படுத்தாத வீடு குறைவு. அவற்றின் உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. துணைக்கோளம் மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். அதற்கு உங்களைத் தெரியவே தெரியாது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். உங்கள் கைப்பேசி வானொலிப் பெட்டியைப்போல அதைக் கேட்கிறது.

அந்த அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வந்துசேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குகூட ஆகலாம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். தூரம் என்பது வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது. இது நீங்கள் படித்ததுதான். மூன்று துணைக்கோளங்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு ஏன் நான்கு வேண்டும் என்கிறார்கள்? துணைக்கோளத்தில் இருப்பது அணுக் கடிகாரம்; உங்கள் கைப்பேசியில் இருப்பது மலிவான கடிகாரம். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்தத்தான் நான்காவது. தெரியாத எண்கள் நான்கு, சமன்பாடுகள் நான்கு.

திறந்த வெளியில் நின்றால் சாதாரணக் கைப்பேசிகூட ஏறக்குறைய 5 மீட்டருக்குள் உங்கள் இடத்தைச் சொல்லிவிடும். ரப்பர் மரங்களுக்கு அடியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ போய்விட்டால் கதை வேறு. அலை பலவீனமாகிறது, சுவரில் பட்டுச் சுற்றி வருகிறது. சுற்றி வந்தால் நேரம் கூடுகிறது. நேரம் கூடினால் தூரமும் கூடிவிட்டதாகக் கருவி நினைக்கிறது. புள்ளி வீட்டைத் தாண்டிச் சாலையில் போய் விழும்.

இதில் உள்ள சிக்கலைக் கவனித்தீர்களா? வரும் வழியெல்லாம் வானம் திறந்திருக்கிறது. கருவி நன்றாக வேலை செய்கிறது. நமக்குத் தெரிய வேண்டியதோ கூரைக்கு அடியில் நடந்தது!

அதனால் ஆய்வாளர்கள் வரைபடத்தில் கிளினிக்கைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். உதாரணத்திற்கு ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்த வட்டத்திற்குள் 20 நிமிடத்திற்கு மேல் இருந்தால் அது ஒரு வருகை. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கிளினிக்கிற்கு எதிரே பேருந்து நிறுத்தம் இருந்தால்? பக்கத்திலேயே வாரச் சந்தை கூடினால்? காய்கறி வாங்க வந்தவரெல்லாம் நோயாளிக் கணக்கில் சேர்ந்துவிடுவார். சரி, வட்டத்தைச் சுருக்கலாம் என்றால், தகரக் கூரையால் சிதறிய புள்ளிகள் வெளியே விழுந்து உண்மையான நோயாளி விடுபட்டுப்போவார். நேரத்தைக் கூட்டினால், மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பியவர் காணாமல்போவார். தாய்மார் சொன்ன பதிலில் பார்த்த அதே இரண்டு எண்கள் இங்கேயும் வந்து நிற்கின்றன. ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று இறங்குகிறது.

இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான மாற்று உண்டு. கிளினிக் காத்திருப்புக் கூடத்துச் சுவரில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய புளூடூத் பெட்டி ஒன்றை மாட்டிவிடுவது. அது தன் எண்ணை மட்டும் மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். சில பத்து மீட்டருக்குள் வரும் கருவி அதைக் குறித்துக்கொள்ளும். கூரை தடையில்லை, மின்சாரமும் மிகக் குறைவாகவே தேவை. கைப்பேசிக்கு மின்னேற்ற அடுத்த ஊருக்குப் போக வேண்டிய இடங்களில் இது சின்ன விஷயமல்ல. ஜிபிஎஸ் விடாமல் ஓடினால் பேட்டரி என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜிபிஎஸ்ஸை மிஞ்ச முடியாது. அது வந்த பாதையைக் காட்டும். வரைபடத்தில் கோலை வைத்து அளந்தால் 5 கிலோமீட்டர்தான் என்று இருக்கும். மழைக்காலத்தில் ஓடை பெருகிவிட்டால், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சுற்றி நடக்கிற தூரம் அதைவிட எவ்வளவோ அதிகம். 2020இல் உலகம் முழுவதற்கும் இப்படிப் பயண நேரத்தைக் கணித்து வரைபடம் ஒன்று வெளியிட்டார்கள். மக்களில் 43 விழுக்காட்டினர், கால்நடையாகப் போனால் ஒரு மணி நேரத்திற்குள் எந்த மருத்துவ நிலையத்தையும் அடைய முடியாது என்று அதில் தெரிந்தது. வாகனம் கிடைத்தால் அந்த எண் 9 விழுக்காடாகக் குறைகிறது. நோயைவிட மோட்டார்சைக்கிள் இல்லாததுதான் பல இடங்களில் பெரிய பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது.

கைப்பேசி யார் கையில்?

படிவம் ஒன்று அறிவியலில் ‘ரலாட் ராவாக்’, ‘ரலாட் சிஸ்தமாதிக்’ என்று இரண்டு பிழைகளைப் படித்திருப்பீர்கள். தற்செயற் பிழை, ஒழுங்குப் பிழை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருந்தால் இப்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

தகரக் கூரைக்கு அடியில் புள்ளி ஒரு முறை வடக்கே விழுகிறது, இன்னொரு முறை கிழக்கே விழுகிறது. பெரும்பாலும் இது தற்செயற் பிழை. நூறு புள்ளிகள் எடுத்துச் சராசரி பார்த்தால் பெருமளவு குறைந்துவிடும். பல இடங்களில் குடும்பத்திற்கு ஒரே கைப்பேசிதான். அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். குழந்தையைக் கிளினிக்கிற்குத் தூக்கிப்போவது அம்மா. கருவியின் கணக்குப்படி, அன்று குடும்பத்தில் யாரும் கிளினிக்கிற்குப் போகவில்லை! நூறு குடும்பம் அல்ல, நூறாயிரம் குடும்பங்களைச் சேர்த்தாலும் இந்தப் பிழை குறையாது. இது ஒழுங்குப் பிழை. தரவு பெரிதாக ஆக, தவறான விடை இன்னும் உறுதியாகத் தெரியும். அதுதான் இதன் ஆபத்து.

கென்யாவில் ஏறக்குறைய 15 மில்லியன் கைப்பேசிகளின் கோபுரப் பதிவுகளை வைத்து, மக்கள் பயணத்தோடு மலேரியா எப்படி இடம் மாறுகிறது என்று ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மிகப் பெரிய ஆய்வு. ஆனால் கைப்பேசியே இல்லாதவர் எந்தக் கோபுரத்திலும் பதிவாகமாட்டார். பெரும்பாலும் அவர்தான் மிக ஏழை.

கருவியை ஆய்வாளர்களே கொடுத்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. மரபு வைத்தியரின் வீட்டுக்கு வரைபடத்தில் பெயர்ப்பலகை கிடையாது. கிராமத்துச் சுகாதாரத் தொண்டர் தம் வீட்டுத் திண்ணையில் வைத்தே மலேரியா மருந்து தருவார். கருவிக்கு அது ‘பக்கத்து வீட்டில் அரை மணி நேரம்’ மட்டும்தான். பேசப் போனாரா, மருந்து வாங்கப் போனாரா? துணைக்கோளம் சொல்லாது. அதற்குத் திரும்பவும் அந்தத் தாயிடம்தான் கேட்க வேண்டும்.

கருவிக்கு உண்மையிலேயே பொருத்தமான கேள்விகளும் உண்டு. நம் சபாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கூடாட் பகுதியின் மாத்துங்கோங்கிலும் பாங்கி தீவின் லிம்புவாக்கிலும் ஆய்வாளர்கள் கிராம மக்களிடம் சின்ன ஜிபிஎஸ் கருவிகளைக் கொடுத்தார்கள். நிமிடத்திற்கு ஒரு முறை இடத்தைப் பதியும் கருவி. குறைந்தது 14 நாள். பெருக்கிப் பாருங்கள்: ஒருவருக்கே 20,160 புள்ளிகள். 243 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது கிளினிக் அல்ல; குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் நோலெசி மலேரியா எங்கே தொற்றுகிறது என்பது. காட்டுக்குள் போனவருக்குத்தான் வரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மக்கள் மாலையிலும் இரவிலும் இருந்த இடங்களையும், கொசு இருந்த இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, வீடுகளுக்கும் வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காட்டுக்கும் அருகருகே இருக்கும் ஓரப் பகுதிகளில்தான் கடிபடும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. எங்கே இருந்தார் என்பதே இங்கே கேள்வி. அதை ஜிபிஎஸ் நன்றாகச் சொல்லும். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால்தான் தடுமாறும்.

இரவுப் புள்ளி

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பெயரை நீக்கிவிட்டோம், இனி யாருடைய பதிவு என்று தெரியாது என்று சொல்வதுண்டு. 15 லட்சம் கைப்பேசிப் பயனர்களின் 15 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஒரு கட்டுரை இதை உடைத்துப்போட்டது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே நான்கு தகவல் தெரிந்தால் போதும். 100க்கு 95 பேரைப் பெரும் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம். அது ஒரு நாட்டுக் கணக்கு. இருபது வீடுள்ள கிராமத்தில் நான்குகூட வேண்டாம். இரவு முழுவதும் புள்ளி எந்த வீட்டில் நிற்கிறதோ, அது அவர் வீடு. அதே புள்ளி வாரந்தோறும் காசநோய்ச் சிகிச்சை நாளில் கிளினிக்கில் நின்றால், ஊர் என்ன பேசும்? அந்தப் பேச்சுக்குப் பயந்து சிகிச்சையை விட்டுவிட்டால், எண்ண வந்தவர்களே எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் ஆவார்கள்.

பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோவிட் தொற்றுத் தடமறிய 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. அது இடத்தைப் பதியவில்லை; யார் அருகில் யார் இருந்தார் என்பதைப் புளூடூத் வழியாகப் பதிந்தது. குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தரவைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மக்களிடம் கேள்விகள் எழுந்தன. அடுத்த மாதமே, கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். தரவு ஒரு காரணத்திற்காகச் சேர்க்கப்பட்டால் அதற்கு மட்டும்தானா என்று முதலிலேயே கேட்க வேண்டும். கருவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கிராமத்து அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு.

இதனால்தான் சுவரில் மாட்டிய அந்தப் புளூடூத் பெட்டியின் மீது எனக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம். அதற்குத் தெரிந்தது கிளினிக் மட்டும்தான். வீடு தெரியாது, பாதை தெரியாது, இரவு எங்கே தங்கினீர்கள் என்பதும் தெரியாது. ஜிபிஎஸ் கருவியையும் அப்படிப் பழக்கலாம்: வட்டத்திற்குள் வந்ததா, இல்லையா என்பதைக் கருவியே கணித்து அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற புள்ளிகளை அழித்துவிடலாம். பாதையைக் கேட்கும் ஆய்வுக்கு இது உதவாது. வருகையை எண்ணும் ஆய்வுக்குப் போதும்.

வார இறுதியில் நீங்களே ஒரு சின்ன அளவீடு செய்யலாம். அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் இடக்குறியீட்டு எண்களைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்று, நிமிடத்திற்கு ஒன்றாகப் பத்து முறை எண்களைக் குறியுங்கள். பிறகு வீட்டின் நடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து இன்னும் பத்து. பாகைக் கணக்கில் நான்காம் தசம இடம் ஒன்று மாறினால், நம் நாட்டில் தரையில் ஏறக்குறைய 11 மீட்டர். இருபது புள்ளிகளையும் கட்டம் போட்ட தாளில் இரண்டு நிறத்தில் குறித்து, உங்கள் வீட்டையும் அளவுப்படி வரையுங்கள். உள்ளே உட்கார்ந்து எடுத்த பத்தில் எத்தனை புள்ளி பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.